வாசகர் கேள்வி – பதில்: கைக்கு எட்டிய கருவி, எட்டாத பாடம்

பள்ளி மூடப்பட்டிருக்கும் காலத்தில் வசதி குறைந்த மாணவர்கள் வீட்டிலிருந்தே பாடம் கற்பதற்குக் கருவிகள் வழங்குவது குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'எந்தக் கருவியை வாங்கலாம்?' என்றே கேட்கின்றன. அதற்கு நான்கு வரியில் விடை சொல்லிவிடலாம். கீழே சொல்லியும் இருக்கிறேன். வாங்கிய கருவியை அடுத்த மாதம் யார் ரீசார்ஜ் செய்வது, உடைந்தால் யார் பொறுப்பேற்பது என்பவை போன்ற கேள்விகளைக் கேட்டவர்கள் சிலரே. இடத்தின் பெரும்பகுதியை அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எங்கள் பள்ளிக்கு நன்கொடையாக 40 டேப்லெட்டுகள் வந்துள்ளன. விண்ணப்பித்த மாணவர்களோ 110 பேர். நன்றாகப் படிப்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஆசிரியர்களில் சிலரும், பொதுத்தேர்வு எழுதும் வகுப்புக்கு மட்டும் கொடுக்கலாம் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது? — ஒரு தலைமையாசிரியை

மதிப்பெண்ணை முதலில் ஒதுக்கி வையுங்கள். நன்றாகப் படிக்கிறார் என்பதற்காகக் கொடுத்தால் அது பரிசு. உங்களிடம் வந்திருப்பவை பரிசுப் பொருள்கள் அல்ல.

அடுத்து, அந்த 110 பேரின் பட்டியல் எப்படி உருவானது என்று பாருங்கள். இணையப் படிவத்தின் வழியாகவோ வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தோ விண்ணப்பம் பெற்றிருந்தால், கருவியே இல்லாத வீட்டுக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்திருக்காது. யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள் பெயர்தான் பட்டியலில் இல்லாமல் போகும். ஆகவே, வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பள்ளி மூடிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் தொடர்புக்கு வராத பிள்ளைகளின் பெயர்களைத் தனியே எழுதுங்கள். வகுப்பாசிரியர்கள் அந்த வீடுகளுக்கு நேரில் போகலாம். போக முடியாவிட்டால் உறவினர், அண்டை வீட்டார் வழியாக விசாரிக்கலாம். சிரமமான வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் வழங்கப்படும் கருவிகள், ஏற்கெனவே எப்படியோ சமாளித்துக்கொண்டிருப்பவர்களிடமே போய்ச் சேரும்.

விசாரிக்கும்போது 'வீட்டில் போன் இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். 'பகலில் அந்தப் போன் யார் கையில் இருக்கிறது?' என்று கேளுங்கள். தந்தை வேலைக்குப் போகும்போது உடன் எடுத்துச் செல்லும் போன், வகுப்பு நடக்கும் நேரத்தில் பிள்ளைக்கு இல்லாத போன்தான். 2020 ஏப்ரலில் ஐ.நா.வின் கல்வி அமைப்பான யுனெஸ்கோ வெளியிட்ட கணக்குப்படி, கொரோனாவால் வகுப்பறை மூடப்பட்டு வீட்டிலிருந்த மாணவர்களில் ஏறத்தாழ 82.6 கோடிப் பேர் வீட்டில் கணினி இல்லாதவர்கள், 70.6 கோடிப் பேர் வீட்டில் இணைய வசதி இல்லாதவர்கள். இவ்வளவு பெரிய எண்களும் வீட்டைத்தான் எண்ணுகின்றன. ஒரே கருவியைப் பங்கிட்டுக்கொள்ளும் அண்ணனையும் தங்கையையும் அவை பிரித்துக் காட்டுவதில்லை. அந்தப் பங்கீட்டில் தங்கைக்குக் கிடைப்பது என்ன என்பதையும் காட்டுவதில்லை.

என் யோசனை இதுதான். எந்தக் கருவியும் இல்லாத வீடுகளுக்கு முதலில் கொடுங்கள். அடுத்து, பள்ளி செல்லும் பிள்ளைகள் இரண்டுக்கு மேல் இருந்து ஒரே கருவியைப் பயன்படுத்தும் வீடுகள்; அவர்களுக்காக வகுப்பு நேரங்களையும் சற்றுத் தள்ளி வைக்க முடிந்தால் நல்லது. மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளையும், பெற்றோர் இன்றி உறவினர் வீட்டிலோ விடுதியிலோ வளரும் பிள்ளைகளையும் எந்த வரிசையிலும் நிறுத்தாமல் நேராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வு எழுதும் வகுப்பு என்பது இவற்றுக்குப் பிறகு பார்க்க வேண்டியது. 40 கருவிகளையும் வாரத்துக்கு ஒரு வீடு என்று சுற்றில் விடும் யோசனையும் சில பள்ளிகளில் எழுவதுண்டு. அது எல்லாருக்கும் நியாயம் செய்வதுபோலத் தோன்றும். எவருக்கும் தொடர்ச்சியாகப் பாடம் கிடைக்காது.

இன்னொன்று. மேடை போட்டு, வரிசையில் நிறுத்திப் புகைப்படம் எடுத்துக் கொடுக்காதீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு 'இல்லாதவன்' என்று அடையாளப்படுத்தப்படுவது எவ்வளவு வலிக்கும் என்பதைக் கொடுப்பவர்கள் பல நேரம் நினைத்துப் பார்ப்பதில்லை. புத்தகம் வழங்குவதுபோல, அலுவலக அறையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தால் போதும்.

மடிக்கணினியா, டேப்லெட்டா, ஸ்மார்ட்போனா? — பலர்

பாடத்தைக் கேட்கவும் பார்க்கவும் மட்டும் வேண்டியிருக்கும் தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு டேப்லெட் போதும். பக்கக்கணக்கில் எழுதவும் கணக்குச் செய்து காட்டவும் நிரல் எழுதவும் வேண்டிய உயர்வகுப்பு மாணவருக்கு விசைப்பலகையுள்ள மடிக்கணினி தேவை. ஸ்மார்ட்போன் கடைசித் தேர்வு. உள்ளங்கை அளவுத் திரையில் நாள்தோறும் நான்கு மணி நேரம் படிக்கச் சொல்வது கண்ணுக்கும் கழுத்துக்கும் தண்டனை. எதை வாங்கினாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரியாக வாங்குங்கள்: ஒன்றின் சார்ஜர் மற்றொன்றுக்குப் பொருந்தும், பழுது பார்ப்பதும் எளிது.

பள்ளி என் மகளுக்கு இரவலாக ஒரு டேப்லெட் தந்திருக்கிறது. 'சேதமானால் முழு விலையையும் கட்ட வேண்டும்' என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பயத்தில், வகுப்பு நேரம் தவிர மற்ற நேரத்தில் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். மகள் கோபித்துக்கொள்கிறாள். நான் செய்வது தவறா? — ஒரு தாய்

தவறு உங்களுடையது அல்ல, அம்மா. அந்தக் கையெழுத்தை வாங்கியவர்களுடையது. கருவியைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்ட அந்த நிபந்தனை, கருவி எதற்காக வந்ததோ அந்தப் பயனையே பூட்டி வைத்துவிட்டது. முழு விலை கட்ட முடிந்த குடும்பமாக இருந்தால் இரவல் கருவி எதற்கு?

நீங்கள் தனியாகப் போய்ப் பேசத் தயங்கினால், இதே நிலையிலுள்ள இன்னும் இரண்டு மூன்று பெற்றோருடன் சேர்ந்து தலைமையாசிரியரைப் பாருங்கள். கேட்க வேண்டியவை மூன்று. தற்செயலாக ஏற்படும் உடைப்புக்கும் நாளடைவில் வரும் தேய்மானத்துக்கும் பள்ளியே பொறுப்பேற்க வேண்டும். பழுதான கருவி சரியாகும்வரை மாற்றுக் கருவி ஒன்று கிடைக்க வேண்டும். திருட்டுப் போனால் காவல்துறையில் புகார் கொடுத்த சான்றைத் தந்தால் போதும் என்று ஏற்க வேண்டும். வேண்டுமென்றே செய்த சேதத்துக்கு மட்டும் குடும்பத்திடம் விளக்கம் கேட்கலாம்.

பள்ளி நிர்வாகத்தினர் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. நூறு கருவி வாங்கப் பணமிருந்தால் தொண்ணூறு வாங்குங்கள். மீதிப் பணத்தை உறை, திரைக் காப்பு, மாற்றுச் சார்ஜர், பழுது ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். குழந்தைகள் கையில் கொடுக்கும் பொருள் உடையும். உடையாது என்ற நம்பிக்கையில் போடும் கணக்கு கணக்கே அல்ல.

அதுவரை பீரோவைத் திறந்தே வையுங்கள். மகள் மாலையில் தானாகத் தேடிப் படிக்கும் அந்த அரைமணி நேரம், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குக் குறைந்ததல்ல.

கருவி கொடுத்தால் பிள்ளைகளின் படிப்பு உண்மையிலேயே உயர்கிறதா? எங்கள் சங்கம் இதற்காகப் பெரும் தொகை திரட்டியிருக்கிறது. செலவழிக்கும் முன் நேர்மையான பதில் வேண்டும். — நன்கொடையாளர் ஒருவர்

நேர்மையான பதில் வேண்டும் என்கிறீர்கள். கருவி மட்டும் கொடுத்தால், பெரும்பாலும் உயர்வதில்லை.

பெரு நாட்டில் லட்சக்கணக்கான சிறிய மடிக்கணினிகள் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டன. கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகள் 319ஐ எடுத்துக்கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவை 2012இல் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கி வெளியிட்டது. மாணவர் ஒருவருக்கு 0.12 என்றிருந்த கணினி விகிதம் 1.18 ஆக உயர்ந்திருந்தது. அதாவது எட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று என்ற நிலை மாறி ஆளுக்கொன்று கிடைத்துவிட்டது. ஆயினும் கணிதத்திலும் மொழியிலும் தேர்வு மதிப்பெண் உயரவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. அந்தப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இணையம் இல்லை என்பதையும், பாடம் நடத்தும் முறை பழையபடியே இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உருகுவே வேறு வழியில் போனது. 2007இல் 'செய்பால்' திட்டத்தைத் தொடங்கிய அந்நாடு, 2009க்குள் அரசுத் தொடக்கப்பள்ளி மாணவர் அனைவருக்கும் மடிக்கணினி வழங்கியதோடு, பள்ளிகளுக்கு இணைய இணைப்பையும் பழுது பார்க்கும் ஏற்பாட்டையும் கூடவே உருவாக்கியது. அங்கும் தொடக்க ஆண்டுகளில் மதிப்பெண் பெரிதாக உயர்ந்துவிடவில்லை. ஆனால் 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, பிற நாடுகள் டெண்டர் விட்டுக்கொண்டிருந்த நாள்களில், உருகுவேயின் ஆசிரியரிடமும் மாணவரிடமும் கருவியும் கற்றல் தளமும் ஏற்கெனவே பழகிக் கிடந்தன.

மூன்றாவது எடுத்துக்காட்டுதான் என் மனத்தில் அதிகம் தங்கியது. அதே 2020இல் போட்ஸ்வானாவில் ஏறத்தாழ 4,500 குடும்பங்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. சில குடும்பங்களுக்கு வாரந்தோறும் கணக்குப் பாடம் குறுஞ்செய்தியாக மட்டும் போனது. வேறு சிலருக்குக் குறுஞ்செய்தியுடன் ஆசிரியர் ஒருவரின் தொலைபேசி அழைப்பும் போனது. அந்த அழைப்பு இருபது நிமிடங்கள்கூட நீளாதது. சாதாரணப் போனே போதுமானது. அழைப்பு பெற்ற பிள்ளைகளின் கணக்கறிவு தெளிவாக முன்னேறியது. குறுஞ்செய்தி மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் தெரியவில்லை. திரையை விட மறுமுனையில் கேட்கும் குரலுக்கு வலிமை அதிகம் என்று நான் இதைப் படிக்கிறேன்.

எனவே உங்கள் தொகையை அப்படியே கருவிகளாக மாற்றிவிடாதீர்கள். கருவியைப் பெறும் ஒவ்வொரு பிள்ளையையும் வாரம் ஒருமுறை பெயர் சொல்லி அழைத்துப் பேசும் ஆசிரியரோ தன்னார்வலரோ உண்டா என்று அந்தப் பள்ளியிடம் கேளுங்கள். இல்லையென்றால் முதலில் அதற்குச் செலவிடுங்கள். அவர்களுக்குப் படியாகக் கொடுக்கும் பணம் வீணாகாது.

டேப்லெட் கொடுத்தாயிற்று, சிம்மும் கொடுத்தாயிற்று. ஆனாலும் மாதத்தின் இரண்டாவது வாரத்திலேயே பாதிப் பிள்ளைகள் வகுப்பிலிருந்து காணாமல் போகிறார்கள். ஏன்? — கணித ஆசிரியர் ஒருவர்

டேட்டா தீர்ந்திருக்கும். காணொலியில் நடக்கும் குழு வகுப்பு, படத்தின் தரத்தைப் பொறுத்து, ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 800 எம்பி முதல் 1 ஜிபிக்கு மேல்வரை இழுத்துக்கொள்ளும். நாளுக்கு நான்கு மணி நேரம், மாதத்துக்கு இருபது நாள் என்று வையுங்கள்: 64 ஜிபிக்குக் குறையாது. நீங்கள் கொடுத்த சிம்மில் மாதத்துக்கு எத்தனை ஜிபி என்று பாருங்கள். காணாமல் போன பிள்ளைகள் எந்தத் தேதியில் காணாமல் போனார்கள் என்பதற்கு அதிலேயே விடை இருக்கும்.

இதைச் சரிசெய்ய மேலும் பணம் தேவைப்படாத வழிகளும் உண்டு. ஆசிரியரின் முகத்தை ஒரு மணி நேரம் முழுவதும் காட்ட வேண்டியதில்லை. படத்தை நிறுத்திக் குரலை மட்டும் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு 100 எம்பிகூடச் செலவாகாது. பாடத்தைப் பத்து நிமிடக் காணொலிகளாகப் பதிவுசெய்து குறைந்த தரத்தில் சேமித்து, பள்ளியிலோ நூலகத்திலோ உள்ள வைஃபையில் வாரம் ஒருமுறை இறக்கிக்கொள்ளச் செய்யலாம். நேரலை வகுப்பைச் சந்தேகம் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இணையமே எட்டாத இடமாக இருந்தால் 'கோலிப்ரி' என்னும் இலவச மென்பொருளைப் பாருங்கள். பாடங்களை ஒரு கணினியில் ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால், அருகிலுள்ள கருவிகள் இணையம் இன்றியே அதிலிருந்து பாடம் எடுத்துக்கொள்ளும். விக்கிப்பீடியாவை முழுதாகவே கருவியில் சேமித்துப் படிக்க 'கிவிக்ஸ்' இருக்கிறது. இவற்றையெல்லாம் கருவி கொடுப்பதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும்; கொடுத்த பிறகு ஏற்றச் சொன்னால் அதற்கும் டேட்டாதான் செலவாகும்.

மின்சாரத்தை மறந்துவிட்டேனே. மின்வெட்டு நேரத்தை விசாரித்துக்கொண்டு கால அட்டவணை போடுகிறீர்களா?

எங்கள் அலுவலகம் 60 பழைய மடிக்கணினிகளைக் கழித்துக் கட்டுகிறது. அவற்றை மாணவர்களுக்குக் கொடுக்கலாமா? — நிறுவன ஊழியர் ஒருவர்

கொடுக்கலாம், ஆனால் அலுவலகத்துக்கு உதவாதது பிள்ளைக்கு உதவும் என்று எண்ணிக்கொண்டு கொடுக்காதீர்கள். வன்தட்டிலுள்ள அலுவலகத் தகவல்களை மீட்க முடியாதபடி அழிக்க வேண்டும். கோப்புகளைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்புவது அழிப்பதாகாது. பேட்டரி இரண்டு மணி நேரமாவது தாங்க வேண்டும், கேமராவும் மைக்கும் வேலை செய்ய வேண்டும், சார்ஜரும் கூடவே வர வேண்டும். சார்ஜர் இல்லாமல் வரும் நன்கொடைக் கணினிகளைப் பற்றித் தனியாக ஒரு புராணமே எழுதலாம்.

இயங்குதளத்தையும் கவனியுங்கள். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு (இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐத் தாங்காத பழைய கணினிகளில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தின் எடை குறைந்த வகை ஒன்றை நிறுவலாம். ஆனால் அதை அறிந்த ஒருவர் பள்ளியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சிக்கலிலேயே கணினி மூலைக்குப் போய்விடும். எல்லாக் கணினிகளையும் நச்சுநிரல் (வைரஸ் போன்றவை) சோதனைக்கு உட்படுத்திய பிறகே அனுப்புங்கள். 2021 ஜனவரியில் இங்கிலாந்தில், தொலைநிலைக் கல்விக்காக அரசு வழங்கிய மடிக்கணினிகள் சிலவற்றில் நச்சுநிரல் இருந்ததைப் பள்ளிகள் கண்டுபிடித்தன. புதிதாக வந்தவற்றுக்கே அந்த நிலை.

அறுபதில் நாற்பது தேறினால் நாற்பதைக் கொடுங்கள். தேறாத இருபதை மின்னணுக் கழிவாக முறைப்படி அகற்றுங்கள். அந்த வேலையைப் பள்ளியின் தலையில் கட்டாதீர்கள்.

கருவி கையில் வந்ததிலிருந்து என் மகன் விளையாட்டிலேயே மூழ்கிக் கிடக்கிறான். கொடுக்காமலே இருந்திருக்கலாமோ? — ஒரு தந்தை

உங்கள் அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. ருமேனியாவில் 2004இல் தொடங்கிய திட்டம் ஒன்றில், வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கணினி வாங்க 200 யூரோ மதிப்புள்ள உதவிச்சீட்டு வழங்கினார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, கணினி பெற்ற பிள்ளைகளின் கணினித் திறன் உயர்ந்திருந்தது. பள்ளி மதிப்பெண்ணோ குறைந்திருந்தது. விளையாட்டுக்குப் போன நேரம் வீட்டுப்பாடத்திலிருந்து எடுக்கப்பட்டது. வீட்டுப்பாடம் குறித்துப் பெற்றோர் விதி வைத்திருந்த வீடுகளில் இந்தச் சரிவு மட்டுப்பட்டிருந்தது என்பதையும் அவ்வாய்வு காட்டியது. பிடுங்காதீர்கள், நேரம் குறியுங்கள். இரவில் கருவி உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும்.

பள்ளி தந்த மடிக்கணினியில் ஏதோ கண்காணிப்பு மென்பொருள் இருக்கிறதாம். எங்களால் அதை நீக்கவும் முடியவில்லை. கேட்டால், 'இலவசமாகக் கிடைத்ததில் குறை சொல்லாதீர்கள்' என்கிறார்கள். — ஒரு மாணவியின் அக்கா

இலவசமாகப் பெற்றதால் அந்தரங்கத்தை விட்டுக்கொடுத்துவிட்டதாக ஆகாது. தீங்கான தளங்களைத் தடுப்பது, தொலைந்துபோன கருவியை முடக்குவது ஆகியவற்றுக்காக ஒரு நிர்வாக மென்பொருள் இருப்பது நியாயமே. ஆனால் அது என்னென்ன பார்க்கிறது, எத்தனை நாள் சேமித்து வைக்கிறது, யாரெல்லாம் பார்க்க முடியும் என்பதைக் கருவியைக் கொடுக்கும்போதே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

இதை வெறும் ஐயம் என்று தள்ள வேண்டாம். 2010இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பள்ளி நிர்வாகம் ஒன்று மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளின் கேமராவைத் தொலைவிலிருந்தே இயக்கி வீட்டிலிருந்த பிள்ளைகளைப் படம் பிடித்தது அம்பலமானது. வழக்குகள், வழக்கறிஞர் கட்டணமும் சேர்த்து, 6,10,000 டாலருக்குச் சமரசமாயின. 2022இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் (ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்) என்னும் தன்னார்வ அமைப்பு, 49 நாடுகளின் அரசுகள் பெருந்தொற்றுக் காலத்தில் பரிந்துரைத்த 164 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்தது. அவற்றில் 146, பிள்ளைகளின் உரிமைக்கு ஊறு செய்யக்கூடிய வகையில் தகவல்களைக் கையாண்டிருந்தன. ஆகவே நீங்கள் வாய்மொழியாகக் கேட்டதை எழுத்தில் கேளுங்கள். வகுப்பு இல்லாத நேரத்தில் கேமராவின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி வைப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பார்வையற்ற மாணவருக்குச் சிறப்புக் கருவிதான் வாங்க வேண்டுமா? — சிறப்பாசிரியர் ஒருவர்

பெரும்பாலும் வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு கருவிகள் பெரும்பாலானவற்றில் திரையிலுள்ளதைப் படித்துக் காட்டும் 'டாக்பேக்' இருக்கிறது. விண்டோஸ் கணினிக்கு 'என்விடிஏ' இலவசமாகக் கிடைக்கிறது. சிக்கல் பாடத்தில்தான். பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினால் எந்தத் திரைவாசிப்பானும் அதை ஒழுங்காகப் படிக்காது. தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

பள்ளி திறந்துவிட்டது. கருவிகளைத் திரும்பப் பெறலாமா? — பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்

உடனே பெற வேண்டாம் என்பேன். வீட்டுப்பாடம், நீண்டநாள் நோயில் படுக்கும் பிள்ளை, வெள்ளத்துக்கோ வெப்பத்துக்கோ மறுபடி மூடப்படும் பள்ளி என்று தேவை தொடர்ந்து இருந்துகொண்டுதான் இருக்கிறது. அலமாரியில் அடுக்கி வைக்கப்பட்ட பேட்டரி நாளடைவில் தானாகவே கெடலாம். மாணவர் பள்ளியை விட்டுப் போகும்வரை அவரிடமே இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை கொண்டுவரச் செய்து, பழுது பார்த்து, மென்பொருளைப் புதுப்பித்துத் திருப்பிக் கொடுங்கள்.

வேறொரு மாணவருக்குத் தேவைப்பட்டுத் திரும்பப் பெறத்தான் வேண்டுமென்றால், இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். அதை அழித்துப் புதிதாக்கும் முன், அந்தப் பிள்ளை எழுதிய குறிப்புகளையும் வரைந்த படங்களையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.